ஆறு வோல்ட்

மார்கழிப் பனியில் ஓட்டோ செத்தது.
சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சொல்,
அதற்குமேல் பேச்சில்லை.
கிளினிக்குக்குப் போகவேண்டிய திலகராணி
ஏழு மாத வயிற்றோடு இறங்கி
பின்னால் போய்த் தள்ளப் பார்த்தாள்.
ஐயோ வேண்டாம் என்றேன்.
அன்றைக்கே முடிவெடுத்தேன்.

நோர்வூட்டில் நிஸ்தார் நானாவின் கடை.
கண்ணாடிப் பெட்டிமேல் இரண்டு சார்ஜர் வைத்தார்.
ஒன்று மலிவு, பாரம்,
ஆடும் முள் ஒன்று முகத்தில்.
“இதுக்கு நிப்பாட்டத் தெரியாது.
நீ நித்திரையானாலும் ஊட்டிக்கிட்டே இருக்கும்,
உள்ளே தண்ணி கொதிச்சு
பெட்டரி வீங்கிப் போகும்.”
மற்றது கைக்கு அடக்கம், விலை இரட்டிப்பு.
ஆறு, பன்னிரண்டு என்று ஒரு விசை.
அரை அம்பியர், மூன்று அம்பியர் என்று இன்னொன்று.
“நெறஞ்சா தானே வெலகிக்கும்.
போதும்னு சொல்லத் தெரிஞ்ச சாமானுக்கு
காசு கூடத்தான், தங்கச்சி.”
லீசிங் காசில் கைவைத்தேன்.

சிவப்பு முதலில், கறுப்பு பிறகு, கரண்ட் கடைசி.
கழற்றும்போது தலைகீழாக.
யன்னல் திறந்திருக்க வேண்டும்,
சாமி விளக்கு அந்தப் பக்கமே வரக்கூடாது.
பின்னேரம் ஐந்துக்குக் கொழுவியது
விடிய ஐந்தேகாலுக்குப் பச்சை காட்டியது.
இடையில் பதினொரு தடவை எழும்பிப் பார்த்தேன்,
புதுக் குழந்தையின் மூச்சைப் பார்ப்பதுபோல.

லயத்தில் எது ஒளியும்?
டோர்ச் வந்தது, ஸ்ப்ரே டாங்கி வந்தது.
ஒரு பொடியன் ரிமோட் பெட்டரி இரண்டை நீட்டினான்;
அது சார்ஜ் ஏறாத சாதி, வெடிக்கும்,
போடா என்றேன்.

அப்புறம் ஞானேஸ்வரி வந்தாள்.
இடுப்புப் படங்கில் சுற்றி
உள்ளங்கை அகலத்தில் ஒன்று:
கொழுந்து மடுவத்துத் தராசின் பெட்டரி.
மூன்று கிழமையாகப் பதினெட்டுக் கிலோ
பதினாறு சொச்சம் என்று விழுகிறது.
பதினாறுக்கு அரைப்பேர்.
கேட்டால், “பெட்டரி எறங்கிப் போச்சு” என்பாராம் கணக்கப்பிள்ளை.
“அப்போ ஏத்திட்டு வாறேன், குடுங்க” என்றிருக்கிறாள்.
அவரும் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தாராம்.

விசையைப் பன்னிரண்டிலிருந்து ஆறுக்குத் தள்ளினேன்.
மூன்று தடவை சரிபார்த்தேன்.
பெரிய வாய்க்கு ஊட்டும் கையால்
சின்ன வாய்க்கு ஊட்டினால் புரையேறும்.
அரை அம்பியர் போதும்.
இரண்டு மணிக்குக் கரண்ட் போய் மூன்றுக்கு வந்தது.
அவள் போகவில்லை. சுவரில் சாய்ந்து
அந்தச் சிவப்புப் பொட்டையே பார்த்திருந்தாள்.
பச்சை விழுந்தது. கொஞ்ச நேரம் ஆறவிட்டு
மீட்டர் வைத்தேன்:
ஆறு தசம் நாலு. குறையே இல்லை.

காலை நிறுவையில்
தராசு எண்கள் குங்குமமாய் எரிந்தன.
ஞானேஸ்வரி கொழுந்தைக் கொட்டவில்லை.
கூடைக்குள்ளிருந்து
கடையில் வாங்கிய மாப்பை ஒன்றை எடுத்து வைத்தாள்.
உடைக்காத பை. மேலே அச்சில்: ஐந்து கிலோ.

நான்கு தசம் ஐந்து.

எண் ஆடவில்லை, மங்கவில்லை.
யாரோ இருமினார்கள்.
கணக்கப்பிள்ளை பெட்டரியைத் தட்டிப் பார்த்தார்.
“பெட்டரி நல்லா இருக்குங்க ஐயா,” என்றேன்.
“பனி,” என்றார் அவர்.
“பனிக்கு எடை கூடணுமே,” என்றது வரிசையின் பின்னாலிருந்து ஒரு குரல்.

சாக்குகள் இறங்கவில்லை.
அவள் மாப்பையை மடியில் ஏந்தி
ஓட்டோவில் ஏறினாள்.
“ஹட்டன். தொழில் கந்தோர்.”
ஒரே திருப்பில் பிடித்தது.

வழியில் நிஸ்தார் நானாவின் கடை.
இன்னும் திறக்கவில்லை.