சில்லறை

அறுபது என்று எழுதிய பலகை
முந்திரி மரத்துக்குப் பின்னால் நிற்கிறது.
கிளையை வெட்ட நகராட்சி ஆள் ஒருமுறை வந்தான்.
சார்ஜென்ட் எர்மீனியோ ஒரு பீர் வாங்கிக் கொடுத்து
'நிழல் புண்ணியம், விடு' என்றார்.

அந்த நிழலில்தான் என் கடை.
கடை என்றால் ஒரு கூடை, ஒரு முக்காலி,
வறுத்த முந்திரி. பொட்டலம் நூறு மெட்டிகல்,
எல்லை தாண்டி வந்தவர்களுக்கு இருபத்தைந்து ராண்ட்.

கொமாட்டிப்போர்ட்டில் முத்திரை குத்தி
இன்யம்பானே கடலுக்குப் போகிறவர்கள்
தண்ணீர் வாசனை பிடித்த மாடுகள் மாதிரி வருவார்கள்.
கூரைமேல் தூண்டில்கள், பின்னால் படகு.
வெள்ளைச் சட்டை சாலைக்குள் ஓர் அடி வைக்கும்.
அவ்வளவுதான்.

இரண்டு முக்கோணம் எங்கே?
மினுங்கும் மேல்சட்டை எங்கே?
எல்லாம் இருந்தால் வேகம் இருக்கும்.
வேகம் இல்லாவிட்டால் முகம் இருக்கும்:
'படத்தில் மூக்குக்கண்ணாடி, மூக்கில் இல்லையே.'

அவர்களுக்கும் யாரோ சொல்லித்தான் அனுப்புகிறார்கள்.
பணத்தை மூன்று இடத்தில் வை.
ஜன்னலை நாலு விரல் மட்டும் இறக்கு.
இருட்டில் யார் கைகாட்டினாலும் நிற்காதே.
அது பொய்யில்லை.
போன ஜூலையில் பாலத்தருகே ஒரு குடும்பத்தை நிறுத்திய போலீஸ்காரர்கள்
ரப்பர் செருப்பு போட்டிருந்தார்களாம்.
வண்டி கிடைத்தது.
சக்கரங்கள் கிடைக்கவில்லை.

எர்மீனியோவிடம் ஒருபோதும் சில்லறை இருக்காது.
ஆகவே வியர்த்த ஒருவர் இறங்கி என்னிடம் வருவார்.
இருநூறு ராண்ட் தாளின் முதுகில் சிறுத்தை.
இரண்டு பொட்டலம் கொடுத்து
அதை ஓர் எருமையாகவும் ஒரு சிங்கமாகவும் மாற்றித் தருவேன்.
எருமை சார்ஜென்ட்டுக்கு.
சிங்கம் பர்ஸுக்குத் திரும்பும்.
முந்திரி பின்சீட்டுப் பிள்ளைகளுக்கு.

நான் லஞ்சம் வாங்கியதே இல்லை.
மகளின் பள்ளிச் சீருடை எதில் வந்தது என்றால்
முந்திரியில் என்பேன்.

தம்பி ஜெனித்தோ சப்பா ஓட்டுகிறான்,
பதினைந்து சீட்டில் இருபத்திரண்டு பேர்.
காலையில் ஐம்பது, மாலையில் ஐம்பது.
அவனிடம் யாரும் முக்கோணம் கேட்பதில்லை.
அவனுக்குப் போய்ச் சொல்லிப் புலம்ப
ஓர் எல்லைக்கு அந்தப்பக்கமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஒருத்தி வந்தாள்,
தனியாக, பழைய வெள்ளை பக்கியில். பெயர் ஹெஸ்டர்.
'அபராதம் கட்டுகிறேன். ரசீது கொடுங்கள்.'
புத்தகம் ஸ்டேஷனில், நாற்பது கிலோமீட்டர் என்றார்.
'வரட்டும்' என்று எஞ்சினை அணைத்து
மடக்கு நாற்காலியை என் நிழலில் விரித்தாள்.

அவள் பார்க்கப் பார்க்க எந்த வண்டியை மறிப்பது?
பதினொரு வண்டிகள் போயின.
பதினொரு சிறுத்தைகள் காட்டுக்குள் ஓடிவிட்டன.
கூடை அப்படியே நிறைந்திருந்தது.
முதலில் கோபம் வந்தது எனக்குத்தான்.

எழுந்து வந்து ஒரு பொட்டலம் வாங்கினாள்,
இருபத்தைந்து, எண்ணி, நாணயங்களாக.
'நான் எவ்வளவு மெதுவாக வந்தேன்,
நீங்கள் பார்த்தீர்கள்தானே?'
பார்த்தேன். மாட்டுவண்டி முந்தியிருக்கும்.
எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று
இங்கிலீஷில் சொன்னேன்.

நாலு மணிக்கு மோட்டார் பைக்கில் புத்தகம் வந்தது.
முதல் தாளை எலி அரித்திருந்தது.
பேனா வரவில்லை.
எர்மீனியோ என்னைப் பார்த்தார்.
கணக்கு எழுதும் பேனா என் காதில் இருந்தது.

பள்ளிப் பையன் மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு
அவள் பெயரை ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு எழுதினார்.
அவள் ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்,
மடித்தாள், போனாள்.
தூசி அடங்கும்வரை இருவரும் பேசவில்லை.

பிறகு பேனாவைத் தன் பைக்குள் செருகிக்கொண்டார்.
நான் கேட்கவில்லை.
பேனா பத்து மெட்டிகல்.
நிழலுக்கு இதுவரை
வாடகை கொடுத்ததில்லை.