இடப்புறம் திரும்பும் ஒரு கார்

ரிப்பன் வெட்டிய அன்று டிக்கெட் கிடையாது.
காகிதக் கோப்பையில் சூடாகச் சாக்லேட் கொடுத்தார்கள்.
ஒன்பது ஆண்டு தோண்டிக் கிடந்த தெருவின்மேல்
முதல் ரயில் மிதந்து வந்தபோது
டயர்க்கடை ஒலெக்சா கூடக் கைதட்டினார்,
தோண்டலில் பாதி வியாபாரத்தைத் தொலைத்தவர்.

அது செப்டம்பர்.

இது ஜனவரி. பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
அடுத்த ரயில் 4 நிமிடம் என்கிறது பலகை.
மூக்குக்குள் ஈரம் உறைந்து முள்ளாகிறது.
4 நிமிடம் என்கிறது பலகை.
கையுறையைக் கழற்றி மணி பார்த்து
மறுபடி மாட்டிக்கொள்கிறேன்.
பலகை கொஞ்சம் யோசித்துவிட்டு
6 என்கிறது.

பொறுத்தார் பூமி ஆள்வார்.
பொறுத்துப் பொறுத்து நாங்கள் ஆள்வது
ஒரு வெப்பவிளக்கை.
பொத்தானை அழுத்தினால் தொண்ணூறு நொடி எரியும்.
அதன் அடியில் இன்று பதினேழு பேர்.

வருகிறது. அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை.
தேன் குரலில் நிறுத்தங்களின் பெயர் சொல்கிறது.
கண்ணாடி வழியே ஆறு தெரிகிறது,
ஆவி பறக்கும் சுத்திகரிப்பு ஆலை தெரிகிறது,
எல்லாம் வெகுநேரம் தெரிகிறது.

மில்பூர்ன் சந்திப்பு.
உள்ளே இருநூறு பேர்.
எதிரே ஒரு கார், அதில் ஒரே ஓர் ஆள்,
மடியில் உருளைக்கிழங்கு வறுவல்.
அவர் இடப்புறம் திரும்ப வேண்டும்.
திரும்பட்டும், நாங்கள் நிற்கிறோம்.
எல்லாருக்கும் பச்சை விழுகிறது. எங்களுக்குப் பச்சை கிடையாது,
ஒரு வெள்ளைக் கோடு எழுந்து நிற்க வேண்டும்.
அது படுத்தே கிடக்கிறது.

முதியோர் இல்லத்தில் காலைப்பணி லுடிவினாவுக்கு.
ஏழு நிமிடம் பிந்தினால் கால்மணிக் கூலி போகும்.
இரவெல்லாம் விழித்த இன்னொருத்தி
கோட்டை மாட்டிக்கொண்டு
கதவருகே இவளுக்காகக் காத்திருப்பாள்.
காத்திருப்பதும் தொற்றுநோய்தான்.

பள்ளிக்கூடத்துப் பையன் தெஸ்ஃபாலெம்
ஒருநாள் பந்தயம் கட்டி இறங்கி ஓடினான்,
முதுகுப்பை குலுங்க, தண்டவாளத்தின் ஓரமாக.
மூன்றாம் நிறுத்தத்தில் எங்களுக்கு முன்னால் நின்று
ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.
யாரும் சிரிக்கவில்லை.

எட்டாம் எண் பேருந்தை எவ்வளவு திட்டியிருப்போம்.
கிழட்டுப் பேருந்து, கதவு மூடாது,
ஓட்டுநருக்கு வாயும் மூடாது.
முப்பத்துநாலு நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது.
இதற்கு நாற்பத்தாறு.

கூட்டம் போட்டார்கள், கேள்வி கேட்டோம்.
சராசரியாகத் தாமதமே இல்லை என்றார் அதிகாரி.
திரையில் நீலக் கோடு ஒன்று காட்டினார்.
அந்தச் சராசரி எந்த நிறுத்தத்தில் ஏறுகிறார்
என்று கேட்டார் ஒலெக்சா.
அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

பிறகு பிப்ரவரியில் ஒரு பனிப்புயல்.
மின்சாரம் போய் விளக்குகள் எல்லாம் அவிந்தன.
தொலைந்தோம் என்று ஏறினோம்.

மில்பூர்னின் நடுவில் ஒரு போலீஸ்காரி,
இமையெல்லாம் பனி, கையில் டார்ச்.
ரயிலைப் பார்த்தாள்.
நிரம்பி வழியும் சன்னல்களைப் பார்த்தாள்.
இடப்புறம் திரும்ப நின்ற காரை நோக்கி
ஒரு கையை உயர்த்தினாள்.

அவ்வளவுதான். போனோம்.

ஐந்து சந்திப்பு, ஐந்து கை.
இருபத்தெட்டாம் நிமிடம் கடைசி நிறுத்தம்.
கதவு திறந்தும் கொஞ்ச நேரம் யாரும் இறங்கவில்லை,
ஏதோ பழுது என்றே நினைத்தோம்.
கையில் மிஞ்சிய நிமிடங்களை என்ன செய்வதென்று தெரியாமல்
லுடிவினா ஒரு டோனட் வாங்கினாள்,
நின்றபடியே முழுவதும் தின்றாள்.

மறுநாள் எல்லாம் சரிசெய்துவிட்டார்கள்.
வெள்ளைக் கோடு படுத்துக்கொண்டது.

இப்போதும் மில்பூர்னில் நிற்கும்போது
லுடிவினா மெல்ல உள்ளங்கையைத் தூக்கிச்
சன்னல் கண்ணாடியில் வைக்கிறாள்.
அவளைப் பார்த்து நானும். பின்னால் இன்னும் சிலர்.

காரில் இருப்பவர் பார்க்கிறார்.
வணக்கம் சொல்கிறோம் என்று நினைத்து
எண்ணெய் விரலோடு கையசைக்கிறார்,
திரும்புகிறார்.