என் சுவரில் சாய்ந்தவை

ஞாயிறு பத்தரைக்கு மேல்
கடையின் வடக்குச் சுவரில்
பதினான்கு சைக்கிள்கள் சாய்ந்துவிடும்.
எல்லாம் கறுப்பு.
பளபளக்காத கறுப்பு,
கரியடுப்புக்குள் விட்டு எடுத்த மாதிரி.
பின்சக்கரத்திலிருந்து ஏறும் குழாய்கள்
இருக்கைவரை போகாமல்
பாதியிலேயே நடுத்தண்டைப் பிடித்துக்கொள்கின்றன,
எல்லாவற்றிலும், அதே உயரத்தில்.
பிரேக் ஒயர்கள் கண்ணிலேயே படுவதில்லை,
கழுத்துக்குள் இறங்கிவிட்டன.

"வித்தியாசம் தெரியலையா?" என்பான் வான்னஸ்.
அவனுடையது பதினோராயிரம் யூரோ.
தெரியவில்லை என்றால் முகம் சுருங்கிவிடும் என்று
எழுத்தைப் பார்த்துப் பெயர் சொல்வேன்.
எழுத்தும் கறுப்பின் மேல் கறுப்பு.
குனிந்துதான் படிக்கவேண்டும்.

ஏன் இப்படி என்று கேட்டால்
காற்றைக் கைகாட்டுகிறார்கள்.
நீளமான கூடத்துக்குள் ராட்சச விசிறி வைத்து
ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாக,
மற்றவனுக்குத் தெரியாமல்,
காற்றிடம் போய்க் கேட்டதாம்:
எப்படி வந்தால் வழிவிடுவாய்?
காற்றுக்கு ரகசியம் காக்கத் தெரியாது.
எல்லாரிடமும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டது.

பந்தய விதிப்புத்தகம் பாதிக் காரணம் என்கிறாள் ஃபெம்கே.
எஞ்சினியர், சொன்னால் சரியாக இருக்கும்.
இருக்கட்டும்.
ஊடனார்டேயில் அடிக்கிற காற்று கூடத்துக் காற்றல்ல.
ஆற்றிலிருந்து குறுக்கே வரும்,
கிழங்கு வயல்களைத் தாண்டி, காதைப் பார்த்து.
அதனிடம் யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

மார்ச்சில் ஒரு ஞாயிறு, விடாத மழை.
கல்பாவிய ஏற்றத்தில் வந்தவர்கள்
சைக்கிளும் ஆளுமாக
ஒரே மண்ணில் பிடித்து வைத்தவர்கள்போல் நின்றார்கள்.
வான்னஸ் தன் மீட்டரைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தான்.
ஃப்ளோரிமோனும் அப்படியே.
இரண்டு பேருக்கும் ஒரே உயரம்,
ஒரே கடையில் வாங்கிய செருப்பு.
சூப் குடித்தார்கள். தக்காளி, இறைச்சி உருண்டை போட்டது.
வான்னஸ் இரண்டு கிண்ணம்.

கிளம்பும்போது
ஒருவன் கடைசிக்கு முந்தியதை எடுத்தான்,
ஒருவன் கடைசியை.
ஜன்னலோரம் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தேன்.
எங்கோ பிசகு என்று பட்டது,
இரட்டைப் பிள்ளைகளுக்கு
சட்டையை மாற்றி மாட்டிவிட்டதுபோல.
கதவைத் திறப்பதற்குள் வளைவைத் தாண்டிவிட்டார்கள்.

இரவு ஏழுக்குப் போன்.
தண்ணீர் பீய்ச்சிக் கழுவியபோது
சேற்றுக்கடியிலிருந்து வேறு பெயர் வந்ததாம்.
நாற்பத்திரண்டு கிலோமீட்டர்.
"வழியெல்லாம் ஒன்றுமே தெரியலையா?"
சற்று நேரம்
அவன் வீட்டு மழை மட்டும் போனில் கேட்டது.
"இன்னிக்கு கால் நல்லா இருந்துச்சு," என்றான்.
பிறகு, சின்னக் குரலில்:
"கடைசி ஏத்தத்துல நான்தான் முதல்ல."

ஃப்ளோரிமோனுடையது இரண்டாயிரத்து அறுநூறு.
அதுவும் தவணையில்.

புதன்கிழமை என் முற்றத்தில் மாற்றிக்கொண்டார்கள்.
ஃப்ளோரிமோன் முதுகு வலி என்றான்.
இவ்வளவு விலைக்கு இவ்வளவு வலியா என்று
சிரிக்காமல் கேட்டான்.
வான்னஸ் பதில் பேசவில்லை.
தன் சைக்கிளின் மேல்குழாயை விரலால் தட்டினான்,
ரொட்டி வெந்ததா என்று பார்ப்பதுபோல.
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து
மற்றதையும் தட்டினான்.
நானும் காது கொடுத்தேன்.
காப்பிக்குக் காசு வாங்க மறந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு பதினான்கும் வந்தன.
ஒன்றின் இருக்கைக்குக் கீழே
சிவப்புக் கம்பளி நூல், இரட்டை முடிச்சு.
யாருடையது என்று நான் கேட்கவில்லை,
நூல் யார் வீட்டு ஸ்வெட்டரிலிருந்து உருவியது என்றும்.

அதற்கடுத்த ஞாயிறு
மூன்றில் நூல் இருந்தது.
மூன்றும் சிவப்பு.