சாவிக்குக் கட்டுப்படாதது

கெய்யோனில் மழை நிற்பதில்லை,
இடையில் கொஞ்சம் மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.
படகுத்துறையை ஒட்டிய தகரக் கொட்டகையில்
மோட்டார் சைக்கிள்களுக்கு வைத்தியம் பார்ப்பவன் நான்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் பெட்ரோல்.
உறிஞ்சும், நெருக்கும்,
ஒரு பொறி விழும், வெடிக்கும்,
புகையைத் துப்பிவிட்டு மறுபடி உறிஞ்சும்.
பொறியை நிறுத்தினால் எல்லாம் நிற்கும்.
உலகமே அப்படித்தான் என்று
நாற்பத்தொரு வயது வரை நம்பியிருந்தேன்.

மரம் அறுக்கும் ரம்பத்துக்குள் இருப்பது வேறு சாதி.
இரண்டே அசைவு.
தின்றுகொண்டே வாய் கொப்பளிக்கும்,
எண்ணெயையும் சேர்த்துக் குடித்து
நீலமாய் ஏப்பம் விடும்.
அதுவும் பொறிக்கு அடங்கியதுதான்.

எட்டெல்வினா குவாய்கில் சிரித்தாள்.
சிப்பிப் படகின் இஞ்சின்காரி.
"என்னுடையதில் தீ வைக்க ஆளே கிடையாது."
என் கடையிலிருந்த சைக்கிள் பம்பை எடுத்து
வாயைக் கட்டைவிரலால் அடைத்து
நாலைந்து முறை ஓங்கி அழுத்தினாள்.
அடிப்பாகத்தை என் மணிக்கட்டில் வைத்தாள்.
சுட்டது.
வெறும் காற்று.
"இதையே இருபதில் ஒரு பங்காக நெருக்கு,
டீசலைத் தூவு,
தானாகப் பற்றிக்கொள்ளும்."
நான் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு
மாத்தே கொதிக்கவைக்கப் போனேன்.

ஆகஸ்டில் ஓர் இரவு
துறையில் கட்டியிருந்த அந்தப் படகு
யாரும் கேட்காமல் அலறத் தொடங்கியது.
உரிமையாளர் ஓனோஃப்ரே செருப்பில்லாமல் ஓடிவந்தார்.
முதலில் குதித்தவன் நான்தான்,
சாவியைத் திருகி உருவியவனும் நான்தான்.
அலறல் ஏறியது.
ஓனோஃப்ரே டீசல் குழாயை மூடினார்.
இன்னும் ஏறியது.

எரிகிறதைப் பிடுங்கினால்
கொதிக்கிறது அடங்கும் என்பார்கள்.
பிடுங்கினோம்.
டர்போவின் சீல் கிழிந்து
தன் எண்ணெயைத் தானே குடித்து
அடுப்பே விறகாகி எரிந்துகொண்டிருந்தது.
கண்ணாடிகள் நடுங்கின.
கரும்புகையில் யார் முகமும் தெரியவில்லை.

"காற்று! காற்றை அடை!"
படகின் சமையலறையிலிருந்து
ரொட்டி வெட்டும் பலகையோடு வந்தாள்,
உறிஞ்சும் வாயில் வைத்து
மார்பால் சாய்ந்து அழுத்தினாள்.
அது பலகையை இழுத்தது,
அவளையும் இழுத்தது.
இருமியது.
இன்னொரு முறை இருமியது.
பிறகு, மழைச் சத்தம்.

ஓனோஃப்ரே கயிற்றுச் சுருளில் உட்கார்ந்து
தன் வெறுங்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
சாவி இன்னும் என் கையில்.
எதற்கு அதை அப்படி இறுக்கிப் பிடித்திருந்தேனோ,
உள்ளங்கையில் பல் பதிந்திருந்தது.

விடியும்போது பசித்தது.
வேறு பலகை இல்லை.
நடுவில் தட்டு அகலத்துக்கு வட்டமாய்க் கரி.
அதன் விளிம்புக்கு வெளியே வைத்து
எட்டெல்வினா ரொட்டியை வெட்டினாள்.
முதல் துண்டில் டீசல் வாசனை.
இரண்டாவதில் தெரியவில்லை.