சூட்டுக்குறி

தவுக்கே ஆங் சூன் பெங் என்னைக் கூப்பிட்டது
பூச்சிக்காக.
பெட்டிக்கு அடியில் தினமும் காலையில்
மஞ்சள் மாவு கொட்டிக் கிடக்கிறதாம்,
கூட்டித் தள்ளினால் மறுநாளும் கிடக்கிறதாம்.
ஆர்மேனியன் தெருவில் லோரி நிறுத்த இடமில்லை.
நைட்ரஜன் உருளையைத் தோளில் ஏற்றி
மழையில் நடந்தேன்.

ஸ்பானியர் காலத்துப் பயணப்பெட்டி என்றார்.
மணிலாவிலிருந்து வந்தது, அதற்குமுன் மெக்சிகோ,
அதற்குமுன் தெரியாது என்றார்.
விலை கேட்டேன்.
என் இரண்டு வருட வீட்டு வாடகையை
இருமலுக்கு நடுவே சொன்னார்.

மண்டியிட்டுப் பலகையில் காதை வைத்தேன்.
கற்.
கற்.
உள்ளே ஒன்று தின்றுகொண்டிருந்தது
அவசரமே இல்லாமல்.
எந்தத் துறைமுகத்தில் ஏறியதோ
அதுவோ, அதன் முப்பாட்டனோ.
சுங்கமும் குடிநுழைவும்
ஒரு கேள்வியும் கேட்காமல் விட்ட பயணி.

மூடியில் பித்தளை ஆணிகள்.
ஆணித் தலைகளாலேயே இரண்டெழுத்து: எம், ஆர்.
வாங்க வருகிறவரின் முகத்தைப் பார்த்து
தவுக்கே அவரைப் பாதிரியார் ஆக்குவார்,
சில நாள் கப்பல் தலைவன்.
ஒருமுறை ஒரு விதவை
அழகாக இருந்தாளாம், விற்கவில்லையாம்.

நான் பார்த்தது பின்பக்கம்,
சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த பக்கம்.
டார்ச் அடித்தேன்.
தோலில் இன்னும் மயிர் இருந்தது,
செம்பட்டையாக, உள்ளங்கை அளவுக்கு.
தடவினால் ஒரு திசையில் படிந்தது
மறு திசையில் முரண்டியது.
அதற்குக் கீழே சூட்டுக்குறி:
வட்டத்துக்குள் ஒரு கொம்பு, அல்லது பிறை.

பழுத்த இரும்பு பட்ட இடம்
தடித்து வழவழத்திருந்தது.
கன்றாக இருக்கும்போது வைத்திருப்பார்கள்.
மாடு வளர வளர
குறியும் கூடவே அகன்றிருக்கிறது.
எத்தனை நாளில் ஆறியதென்று
யார் சொல்வது?
ஆறியிருக்கிறது.

தவுக்கே குனிந்தார், விரலால் தொட்டார்.
"கறை. பாலிஷ் போட்டால் போகுமா?"
"போகாது தவுக்கே."
"அப்ப சுவர்ப்பக்கமே இருக்கட்டும்."

நெகிழித்தாளால் போர்த்தி
ஓரங்களைச் சூடு வைத்து ஒட்டினேன்.
தொழிலில் அப்படித்தான் சொல்வோம், சூடு வைப்பது என்று.
அன்றைக்குக் கை ஒரு கணம் நின்றது.
நைட்ரஜன் ஏற ஏற
போர்வை விலாப்போல உப்பி அடங்கியது.

இருபத்தொரு நாள்.
கடைசி நாளில் போர்வையைக் கிழித்து
மறுபடி காதை வைத்தேன்.
பட்டர்வொர்த் பெர்ரி ஊதுவது கேட்டது.
வெளியே யாரோ ஐஸ் உடைப்பது கேட்டது.
பெட்டிக்குள்ளிருந்து எதுவும் இல்லை.
இத்தனை கடல் தாண்டி வந்ததைக் கொன்றதற்கு
ரசீது எழுத உட்கார்ந்தேன்.

உரிமையாளர்: ஆங் சூன் பெங்.
அந்தக் கட்டத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம்.
பழுதுகள்: ஆணி பதினொன்று இல்லை.
தையல் மூன்று இடத்தில் விட்டிருக்கிறது.
பூட்டு பிற்காலத்தது.
அடிப்பலகையில் துளைகள், எண்ணவில்லை.
பின்பக்கம்,
என்று எழுதி நிறுத்தினேன்.
தவுக்கே என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்,
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு.

பின்பக்கம், ஆறிய புண்.
பழுது இல்லை.