ஒற்றை அடுக்கு

மல்பெரி கிள்ளித் தராது.
தந்தால் மதில் கறைபடத் தரும்.
கருங்கலில் மூன்று நாள் மழை விட்டு
வெயில் அடித்த செவ்வாய்க்கிழமை
குளிமுறிச் சுவரோரம் நின்ற செடி
மொத்தமும் கறுத்துவிட்டது.

பெல்சி என் பழைய வேட்டியைத் தரையில் விரித்தாள்.
"கழுவினா நாளைக்கே பூத்துப்போவும்"
என்று பாதியை அப்படியே டப்பாவில் வைத்தாள்.
"வினிகர்ல கழுவினா நிக்குமாம்"
என்று மறு பாதியை,
ஒரு பங்கு வினிகர், மூன்று பங்கு தண்ணீர்,
முக்கி, அலசி, ஃபேனுக்கு அடியில் பரத்தினாள்.
எது நிற்கும் என்று பார்க்கவாம்.

காம்பு கிள்ளப்பிடாது.
ஒண்ணுக்கு மேல ஒண்ணு கிடக்கப்பிடாது, ஒத்த அடுக்கு.
ஈரம் ஒரு பொட்டு இருக்கப்பிடாது.
மூடிய இறுக்கி அடைக்கப்பிடாது, அதுக்கும் மூச்சு வேணும்.

நான் தலையாட்டினேன்.
கடைசி ஒன்றைத் தவிர
மற்றதெல்லாம் எனக்குத் தெரிந்த தொழில்தான்.

மூன்று ஃப்ரீசர் பெட்டி வைத்திருக்கிறேன், வாடகைக்கு.
மஸ்கட், தோஹா, ஒரு தடவை நார்வே,
பிள்ளைகள் வந்திறங்கும் வரைக்கும்
தாய் தகப்பனை வைத்திருப்பது என் வேலை.

அன்று சாயங்காலமே போன் வந்தது,
பாலப்பள்ளத்தில் தாசம்மை.
மகன் ரெஜின் பஹ்ரைனில்.
வெள்ளிக்கிழமை ராத்திரிக்குத்தான் டிக்கெட்.
மருமகன் என்னை முருங்கை மூட்டுக்குத் தள்ளிப்போய்
"நிக்குமா?" என்றான்.
எது என்று சொல்லவில்லை.
"நிக்கும்" என்றேன்.

பிளக்கை மாட்டும்போது ஒரு பயல்
என் விரலைப் பார்த்துக் கேட்டான்:
"மாமா, இப்ப எங்க ஓட்டு?"
நகக்கண் எல்லாம் ஊதா.
கையைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பெட்டியின் கண்ணாடி வேர்த்துக்கொண்டே இருந்தது.
மூத்த மகள் முந்தானையால் துடைப்பாள்,
மறுபடி வேர்க்கும், மறுபடி துடைப்பாள்.
"வேர்வை வெளியதான் அக்கா, உள்ள காஞ்சுதான் இருக்கு."
கேட்கவில்லை.
யார் யாரோ வந்து திறக்கச் சொன்னார்கள்.
"சும்மா சும்மா திறந்தா குளிரு போவும்" என்றேன்.

புதன்கிழமை வீட்டில், தண்ணீர் எடுக்கப் போனவன்
டப்பாவையும் எட்டிப் பார்த்தேன்.
"சும்மா சும்மா திறந்தா குளிரு போவும்" என்றாள் பெல்சி
அடுக்களையிலிருந்து, திரும்பாமலே.

வியாழன் ராத்திரி காற்றில் ரப்பர் மரம் லைனில் விழுந்தது.
ஜெனரேட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு
பாலப்பள்ளம் ஓடினேன்.
வீட்டு ஃப்ரிட்ஜை யார் நினைத்தது.

ரெஜின் வரும்போது மணி பன்னிரண்டரை.
திருவனந்தபுரத்திலிருந்து நேராக.
ஷூவைக் கழற்றவில்லை.
திறக்கச் சொன்னான். திறந்தேன்.
நெற்றியில் கை வைத்தவன்
சுட்டதுபோல் எடுத்தான்.

"அம்மைக்குக் குளிரு ஆவாதே" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான்.
ஆடிமாசத்தில் ஃபேன் போட விடமாட்டாளாம்,
அதைப் பிறகு அக்காள்தான் சொன்னாள்.
நான் கோயிற்பிள்ளையிடம் அடக்கத்துக்கு நேரம் கேட்கப் போவதுபோல
வெளியே வந்து நின்றேன்.
ஜெனரேட்டர் மட்டும் சத்தம் போட்டது.

சனிக்கிழமை மத்தியானம்
பெட்டியை டெட்டால் போட்டுக் கழுவி வெயிலில் வைத்துவிட்டு
வீட்டுக்கு வந்தால்
பெல்சி இரண்டு டப்பாவையும் மேசையில் வைத்திருக்கிறாள்.
கழுவாததில் ஒரு மூலை பஞ்சு பூத்திருந்தது,
பதினொன்று போய்விட்டது.
வினிகர் கண்டதில் இரண்டே இரண்டு.
"கரண்டு போயும்!" என்றாள்,
பரீட்சையில் ஜெயித்த பிள்ளை மாதிரி.

மூன்று தடவை சோப்புப் போட்டேன்.
ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன்.
ஐஸ்போலக் கிடந்தது.
விரலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தின்னுங்களேன், என்ன பாக்கிறீங்க?"

"இரி. கொஞ்சம் குளிரு விடட்டும்."