பத்து இரவுகளுக்கு

டாக்டர் வலேரியோ,
உங்கள் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.
அதன் இடது கை இன்னும் ஆடுகிறது.

திங்கட்கிழமை.
குவாதியானா ஆற்றின் மேல் மூடுபனி.
என் திரையில் புதுப்பிக்கச் சொல்லி
நாற்பத்திரண்டு மருந்துச் சீட்டுகள்.
பொத்தானை ஒருமுறை அழுத்தினால்
எல்லாமே ஆறு மாதம் நீளும்.
அழுத்தியிருக்கிறேன், எத்தனையோ திங்கட்கிழமை.
வெளியே பதினோரு பேர் இருமிக்கொண்டிருக்கும்போது
'ஏன்' என்று கேட்க யாருக்கு நேரம்?

பெல்மீருவின் பழைய கோப்பில்
உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன்.
மனைவியை அடக்கம் செய்த வாரம்.
தூக்கத்துக்கு ஒன்று, பத்து இரவுகளுக்கு.
'பத்து'க்குக் கீழே கோடுகூடப் போட்டிருக்கிறீர்கள்.
அதற்கு ஆயிற்று பத்தொன்பது வருடம்.
விருந்தாளியாக வந்த மாத்திரை
வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டது.
நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள்,
உங்களுக்குப் பின் இருவர் மாற்றலாகிப் போனார்கள்,
அந்தக் கோடு மட்டும்
கணினிக்குள் ஏறவேயில்லை.

போன மாதம் நடுராத்திரி
கழிப்பறைக்குப் போகிற வழியில் விழுந்தார். மணிக்கட்டு.
விழுந்ததற்கு வலிமாத்திரை கொடுத்தார்கள்,
வலிமாத்திரைக்காக வயிற்றுக்கு ஒன்று.
நல்ல மனிதர்கள்தான் எல்லோரும்.

ஆறு வருடம், கோயிம்ப்ராவில், கறுப்பு அங்கியோடு
எழுதக் கற்றுக்கொண்டோம்.
எழுதியதை அடிக்க
யாரும் சொல்லித் தரவில்லை.
கை நடுங்கியது, சொன்னால் சிரிப்பீர்கள்.
நிறுத்தி ஏதாவது ஆனால் என் பெயர்.
நிறுத்தாமல் ஏதாவது ஆனால்
வயசு என்பார்கள்.

ஒரேயடியாக வேண்டாம், ஆபத்து,
கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம் என்றேன்.
முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர்,
"இறக்கத்தில் எஞ்சினை அணைக்கக் கூடாது,
கியரைத்தான் இறக்கணும்" என்றார்.

ஏழாவது வாரம் கதவைத் தட்டாமல் வந்தார்.
கண் சிவந்து, கோபமாக.
"பக்கத்து வீட்டு நாய், டாக்டர்.
விடிய விடியக் குரைக்கிறது.
எர்மீனியாவிடம் சண்டைக்கே போய்விட்டேன்.
நாய் பத்தொன்பது வருஷமாகக் குரைக்கிறதாம்.
இது மூன்றாவது நாயாம்."

கொஞ்ச நேரம் இருவருமே பேசவில்லை.
பிறகு கால்வாசி மாத்திரையொன்றை
மேசைமேல் வைத்தார்.
பார்த்தார்.
திரும்ப எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
"அடுத்த வாரம்."
சரி, பெல்மீரு. அடுத்த வாரம்.

திரையில் இன்னும் நாற்பத்தொன்று.
அடுத்தவர் குளோரிண்டா,
நெஞ்செரிச்சலுக்கு ஒன்று, எட்டாவது வருடம்.
தொடங்கிய காரணம் என்ற கட்டம் காலி.
உங்களைத் திட்டலாம் என்று
கீழே போய்ப் பார்த்தேன், டாக்டர்.
கையெழுத்து என்னுடையது.